அண்ணனைக் கடித்தது என் ரத்தமா?

"உன் ரத்தம் அவனுக்குச் சேரலையே பாப்பா" என்று பெரியம்மா சொன்னது 2006-இல். திட்டவில்லை, அழுதுகொண்டுதான் சொன்னார். ஆனாலும் அந்த வார்த்தை எனக்குள் பதினைந்து வருஷம் கிடந்தது.

அண்ணன் கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் அடுக்கிய ஒரு பண்டகசாலையில் கணக்கு எழுதியவர். நாங்கள் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். அவருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது, கூடப் பிறந்த மூன்று பேரில் என் திசு அடையாளமான ஹெச்.எல்.ஏ. மட்டும்தான் முழுசாகப் பொருந்தியது. ஐந்து நாள் ஊசி போட்டுக்கொண்டு, இடுப்பெலும்பு வலியோடு நாலு மணி நேரம் மெஷினில் படுத்து மஜ்ஜையின் ஸ்டெம் செல் கொடுத்தேன். ஏற்றிய 24-ஆம் நாள் அண்ணனின் உள்ளங்கை சிவந்தது. பிறகு வயிறு போக ஆரம்பித்தது. நர்ஸ் ஒவ்வொரு தடவையும் அளவு ஜாடியில் ஊற்றிப் பார்த்து, எத்தனை மில்லி என்று சார்ட்டில் எழுதுவார். ஒரு நாளைக்கு 500-ஐத் தாண்டினால் குடல் பாதித்துவிட்டது என்று கணக்கு. ஒரு நாள் 1,400 வந்தது. நான் கலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள். எண்களோடு புழங்குவதுதான் என் தொழில். அந்த எண்ணை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

ஜி.வி.ஹெச்.டி. என்றார்கள். கொடுத்தவரின் வெள்ளணுக்கள் வாங்கியவரின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கும் நோய். கொடுத்தவள் நான். இந்த நோயின் வரலாற்றை நான் தேடிப் படித்ததற்கு அதுதான் காரணம்.

1956-இல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் பார்ன்ஸும் லூட்டிட்டும் ரத்தப் புற்று வந்த எலிகளுக்குக் கடுமையான கதிர்வீச்சு கொடுத்து, வேறு வம்சத்து எலியின் மஜ்ஜையை ஏற்றிப் பார்த்தார்கள். புற்று அடங்கியது, ஆனால் எலிகள் மெலிந்து, வயிறு போய்ச் செத்தன. 'இரண்டாம் நோய்' என்று அதற்குப் பெயர் வந்தது. மறு வருஷமே அமெரிக்காவில் டொனால் தாமஸ் மனிதர்களுக்கு மஜ்ஜை ஏற்றிய முதல் முயற்சிகளை வெளியிட்டார். 1966-இல் பில்லிங்ஹாம் இந்த நோய்க்கு மூன்று நிபந்தனைகளைச் சொன்னார்: வரும் மஜ்ஜையில் போராடும் அணுக்கள் இருக்க வேண்டும், வாங்கும் உடம்பு அவற்றுக்கு அந்நியமாகத் தெரிய வேண்டும், எதிர்த்துத் தள்ளும் பலம் அந்த உடம்புக்கு இருக்கக் கூடாது. இந்த நிபந்தனைகளின்படி பழி முழுக்க வந்த அணுவுக்குத்தான். பெரியம்மா சொன்னதும் அதேதான்.

இந்தியாவுக்கு இந்தச் சிகிச்சை 1983-இல் மும்பை டாடா மெமோரியலில் வந்தது. 1986-இல் வேலூர் சி.எம்.சி.யில் மாம்மன் சாண்டி தொடங்கினார்.

பில்லிங்ஹாமின் கணக்கில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று காட்டியவை மறுபடியும் எலிகள்தான். 1974-இல் நெதர்லாந்தில் வான் பெக்கும் குழுவினர், குடலில் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு மஜ்ஜை ஏற்றியபோது நோய் மிகவும் குறைந்தது. அந்நியமான அணுக்கள்தான், ஆனாலும் அவ்வளவு சீற்றம் இல்லை. அப்படியானால் அவற்றைக் கிளப்பிவிடுவது எது?

1992-இல் ஆன்டினும் ஃபெராராவும் இதற்கு ஒரு விடை எழுதினார்கள். நோய் தொடங்குவது மஜ்ஜை ஏறிய பிறகு அல்ல, அதற்கு முந்தைய நாட்களில். பழைய மஜ்ஜையைக் காலி செய்யக் கொடுக்கும் கடுமையான கீமோவும் கதிர்வீச்சும் குடலின் உள்சுவரைப் புண்ணாக்குகின்றன. கிருமிகளின் நஞ்சு அந்தப் புண் வழியாக ரத்தத்தில் கசிகிறது. 1994-இல் பாலி மாட்சிங்கர் என்ற பெண் விஞ்ஞானி இன்னும் துணிந்து ஒன்று சொன்னார்: நோய் எதிர்ப்பு மண்டலம் 'நம்மவரா, அந்நியரா' என்று பார்த்து மட்டும் கிளம்புவதில்லை, காயம்பட்ட அணு எழுப்பும் அபாயக் குரலைக் கேட்டுத்தான் கிளம்புகிறது.

மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். மிளகாய் மூட்டைக்குள் இருக்கும்வரை யாருக்கும் தொந்தரவில்லை. ஒரு மூட்டை கிழிந்தால் தெருக்கோடிவரை தும்மல். அணுவுக்குள் இருக்கும் ஏ.டி.பி.யும் அப்படித்தான். உள்ளே இருந்தால் சக்தி, கிழிந்து வெளியே கொட்டினால் அபாயச் செய்தி. 2010-இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் ஆய்வாளர்கள், இந்த நோய் வந்தவர்களின் வயிற்றறைத் திரவத்தில் ஏ.டி.பி. கூடியிருப்பதைக் கண்டார்கள், அதை உணரும் வாயிலை அடைத்தபோது எலிகளில் நோய் தணிந்தது. செத்த அணுக்களிலிருந்து வரும் யூரிக் ஆசிடும் இதே வேலையைச் செய்கிறது என்று 2003-இல் தெரிந்தது. 2013-இல், மஜ்ஜை ஏற்றும் முன்பே யூரிக் ஆசிடைக் கரைத்துவிட்டால் எலிகளுக்கு நோயின் கடுமை குறைகிறது என்று காட்டினார்கள். யூரிக் ஆசிட்! கால் கட்டைவிரல் வீங்கி வருகிறவர்களுக்காக லேபில் தினமும் நான் பார்க்கும் அதே யூரிக் ஆசிட். அதைப் படித்த அன்று வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அண்ணனுக்கு என் அணுக்கள் ஏறுவதற்கு முன்பே ஆறு நாள் மருந்து ஓடியிருந்தது. அவர் வாயெல்லாம் புண், கஞ்சி இறங்கவில்லை. வாயில் தெரிந்த அந்தப் புண்தான் குடல் முழுக்கவும் இருந்திருக்கிறது. என் அணுக்கள் போய்ச் சேர்ந்தது ஏற்கெனவே அலறிக்கொண்டிருந்த வீட்டுக்குள்.

என் அணுக்களுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. எல்லாம் பொருந்தினாலும் அக்கா தங்கை அணுக்கள் ஆணின் உடம்பில் சிலதை அந்நியமாகவே பார்க்கும். ஆனால் ஒளிந்திருக்கும் புற்றணுவைத் தேடி அழிப்பதும் அதே அணுக்கள்தான். அச்சாக ஒரே மாதிரியான இரட்டையரிடம் மஜ்ஜை வாங்கினால் இந்த நோய் பெரும்பாலும் வராது; புற்று திரும்பி வருவது கூடுதல்.

மாட்சிங்கரோடு சேர்ந்து இந்த அபாயக் கொள்கையை யோசித்தவர் எஃப்ரெய்ம் ஃபுக்ஸ். பிற்பாடு அவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில், பாதி மட்டுமே பொருந்தும் உறவினரிடமிருந்தும் மஜ்ஜை வாங்கும் முறையை வளர்த்தவர்களில் ஒருவரானார். ஏற்றிய மூன்றாம், நான்காம் நாளில் சைக்ளோபாஸ்பமைட் கொடுத்து, அலறல் கேட்டுப் பெருகத் தொடங்கும் அணுக்களை மட்டும் ஒடுக்குவது அந்த முறை. முழுசாகப் பொருந்தும் உடன்பிறப்பு இல்லாத எத்தனையோ வீடுகளுக்கு இன்று அதுதான் வழி.

அண்ணன் இருக்கிறார். கண்ணில் ஈரம் சுரப்பதில்லை, நாளுக்கு ஆறு தடவை சொட்டு மருந்து. விரல் முழுசாக மடங்காது. புற்று திரும்பவில்லை. 2021-இல் இதையெல்லாம் பெரியம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உங்கள் வீட்டில் யாராவது தம்பிக்கோ அக்காவுக்கோ மஜ்ஜை கொடுக்கப் போகிறார்கள் என்றால், ஊசி போடும் முன்பே அவர்களை டாக்டர் எதிரில் உட்காரவைத்து இந்த விவரத்தைக் கேட்கவிடுங்கள். பின்னால் என்ன வந்தாலும், கொடுத்தவரிடம் "உன் ரத்தம் சேரவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள்.