கூத்துக்களத்தில் ஒரு பழந்தீர்ப்பு

பழவேற்காடு பழம்பெரும் துறைமுகம். 1613இல் டச்சுக்காரர் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். 1690இல் தலைமையிடத்தை நாகைக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரை வாணிகத்தை இங்கிருந்தே நடத்தினர். இவ்வூர்க் கைலி கடல் கடந்தது. மலாய் மக்கள் இன்றும் கைலியைப் 'பெலிக்காட்' என்றே வழங்குகின்றனர். துணியைப்போலவே கதைக்கும் கரை ஒரு தடையன்று.

ஸஹீஹுல் புகாரியில் ஒரு செய்தி உண்டு. இரு பெண்களுள் ஒருத்தியின் மகவை ஓநாய் கவ்விச் சென்றது. எஞ்சிய மகவுக்கு இருவரும் உரிமை கோரினர். ஸுலைமான் நபி (அலை) அவர்கள், "கத்தி கொண்டு வாருங்கள், பங்கிட்டுத் தருகிறேன்" என்றார்கள். இளையவளோ, "வேண்டாம், பிள்ளை அவளுடையதே" எனப் பதறினாள். தீர்ப்பு இளையவளுக்கே கிடைத்தது.

இதையொத்த கதை சீனத்தில் யுவான் பேரரசர் காலத்தில் (1271–1368) நாடகமாயிற்று. அங்கே கத்திக்குப் பதில் சுண்ணக்கட்டி வட்டம்; பிள்ளையை இருபுறமும் இழுக்கச் சொல்கிறார் நீதிபதி. நோகுமென்று கைவிடுபவளே தாய். ஜெர்மானியர் பிரெக்ட் 1944இல் இதனை மாற்றி எழுதினார். அவரது நாடகத்தில் பிள்ளை, பெற்றவளுக்கன்றி, வளர்த்தவளுக்குச் சேர்கிறது.

இந்நாடகத்தைத் தெருக்கூத்தாக ஆடியவர்கள் செய்யாற்றுப் பக்கத்துப் புரிசைக் கலைஞர்கள். வில்லிபாரதக் கதைகளை இரவெல்லாம் ஆடிவந்த தொண்டை மண்டலக் கூத்து, அயலார் கதையையும் தன் மத்தளத்திலும் முகவீணையிலும் ஏற்றுக்கொண்டது. மேடையில்லை, நுழைவுச்சீட்டில்லை; ஊரே சூழ்ந்தமரும் திறந்த வெளி. கட்டியக்காரன் கேலி பேசியே நீதியைப் புகட்டுவான்.

நபிமார்களை வேடமிட்டுக் காட்டுவது நம் மரபன்று. ஆகவே நம் புலவர்கள் பாடினர். மக்கள் கூடிக் கேட்டனர். வண்ணக்களஞ்சியப் புலவர் 1807இல் ஸுலைமான் நபியின் வரலாற்றை 'இராஜநாயகம்' எனும் காப்பியமாக்கினார். கிஸ்ஸாக்களும் அவ்வாறே ஓதப்பட்டன. கூத்திலோ தீர்ப்பளிப்பவர் நபியல்லர்; ஆகவே அதனை நாம் தயக்கமின்றிக் காணலாம்.

பிரெக்டின் முடிவு நம் சட்டத்துக்கு முரணா? ஃபிக்ஹு நூல்கள் வம்சத்தை வேறாகவும், 'ஹளானத்' எனும் வளர்ப்புரிமையை வேறாகவும் வைக்கின்றன. பிறப்பால் வந்த வம்சம் மாறாது; வளர்ப்புரிமையிலோ பிள்ளையின் நலம் நோக்கப்படும். இதனைச் சிந்திக்கத் தூண்டியதே கூத்தின் பயன்.

ஏட்டில் உறங்கும் கதையைத் திறந்த வெளியே எழுப்புகிறது. இராஜநாயகமும் கிஸ்ஸாக்களும் நம் அலமாரிகளில் உறங்குகின்றன. பழவேற்காட்டு ஏரிக்கரைச் சிற்றூர்களில் மாலைநேரம் உண்டு, மணல்வெளி உண்டு, கேட்கச் சிறுவர்களும் உண்டு. ஓதத் தெரிந்த முதியோர் இருக்கும்போதே அவர்களை அமர்த்திக் கேட்பது நம் கடமை.