ஈயம் பூசுறதும் காந்தத்தால ஒட்டுறதும்

எங்க ஊர் ஆத்துக்குப் பேரிலேயே தாமிரம் இருக்கு. அதனாலேயோ என்னவோ, உலோகக் கதைன்னா திருநெல்வேலிக்காரனுக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம். இன்னைக்கு மேட்டர் இதுதான்: வேற வேற உலோகத்தை மனுஷன் எப்படி ஒட்ட வச்சான்?

'சேர்த்து உருக்கினா முடிஞ்சுது'ங்கிறீங்களா? எல்லா ஜோடிக்கும் அது சரிப்படாது. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் இருக்கு. 1899-லிருந்து 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழாய்வு செய்த இடம். அங்கே கிடைத்த வெண்கலக் கிண்ணங்களில் சிலவற்றில் வெள்ளீயம் 20 சதவீதத்துக்கும் மேலே. அந்த அளவுக்குப் போனால் வெண்கலம் சாதாரணமா அடி தாங்காது, நொறுங்கிடும். பழுக்கக் காய்ச்சி, சூட்டோடு தட்டி, சட்டுன்னு தண்ணியில் முக்கி அதை வழிக்குக் கொண்டு வந்திருக்காங்க. ஷாரதா ஸ்ரீனிவாசனின் ஆய்வுகள் இதை விளக்கமாச் சொல்லுது.

அலுமினியமும் இரும்பும் இதைவிட மோசமான ஜோடி. ஒண்ணு உருகுறது 660 டிகிரியில், இன்னொண்ணு 1538-ல். ரெண்டையும் உருக்கிச் சேர்த்தா நடுவில் உருவாகிற சேர்மம் லேசாத் தட்டினாலே விட்டுப்போகும்.

வேற வழி? பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவரைக் கேட்டா சொல்லுவார். அவர் பித்தளையை உருக்குறதே இல்லை. காய்ச்சின பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவுவார், வெள்ளைப் புகை கிளம்பும், வெள்ளீயத்தை வச்சுத் துணியால் ஒரு இழுப்பு. பளபளன்னு பிடிச்சுக்கும். அந்த நவச்சாரம்தான் சூட்சுமம். உலோகத்து மேல படிஞ்சிருக்கிற ஆக்ஸைடு தோலை அது அரிச்சு எடுத்துடுது. தோல் போகாம ஈயம் ஒட்டாது.

இனி கொஞ்சம் பெரிய தாவல். 1905-ல் ஆஸ்திரேலியாவில் பொல்லாக், பராக்ளோ என்ற ரெண்டு பேர், மின்னல் பாய்ந்து நசுங்கிப்போன ஒரு தாமிரக் குழாயை ஆராய்ந்தாங்க. குழாயை நசுக்கியது மின்னோட்டம் உண்டாக்கிய காந்த விசைதான்னு விளக்கினாங்க. 1960-களின் கடைசியில் மாஸ்கோவின் குர்ச்சாத்தவ் நிறுவனம் அதே விசையை வைத்து, அணு எரிபொருள் குழாய்களின் வாயை அடைக்கும் முறையை உருவாக்கியது. நம்ம மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் இந்த முறையில் வேலை நடந்திருக்கு.

செய்முறை இதுதான். மின்தேக்கியில் சேர்த்து வச்ச மின்சாரத்தைச் சில மைக்ரோ விநாடியில் ஒரு சுருளுக்குள்ள விடணும். சுருளுக்குள் இருக்கிற குழாயிலும் எதிர்த்திசையில் மின்னோட்டம் பிறக்கும். ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ள, குழாய் உள்ளே இருக்கிற தண்டு மேல விநாடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் சாய்வா மோதும். அந்த மோதலில் ஆக்ஸைடு தோல் பீய்ச்சி அடிச்சு வெளியே போயிடும். சுத்தமான உலோகமும் சுத்தமான உலோகமும் அழுந்தி ஒட்டிக்கும். அடுப்பும் வேண்டாம், நவச்சாரமும் வேண்டாம். அலுமினியமும் எஃகும்கூட இப்படிச் சேரும்.

கவனிச்சீங்களா? தோலை எடுக்கிற வேலை ரெண்டு இடத்திலும் ஒண்ணுதான். ஒருத்தர் மருந்து போட்டு எடுக்கிறார், இன்னொருத்தர் மோதி எடுக்கிறார். பொறியியல் படிக்கிற பையனுக்கு ரெண்டாமவர் பாடத்தில் வருவார். முதலாமவர் எவர்சில்வர் வந்ததுமே தெருவிலிருந்து காணாமப் போக ஆரம்பிச்சுட்டார். பற்றாசுன்னு உலோகத்தை ஒட்டுற பொருளுக்குத் தமிழில் ஒரு நல்ல சொல் இருக்கு. அதையும் மறந்துட்டு 'சால்டரிங் லெட்'னுதான் சொல்றோம்.

உங்க ஊர்ல ஈயம் பூசுறவர் இன்னும் இருந்தா, அவர் கையில் இருக்கிற பக்குவத்தைக் கேட்டு எழுதி வையுங்க மக்கா. பாத்திரமும் ஒண்ணு கொடுத்துட்டு வாங்க :-)