உரைப்போன் கடன்: மேசையாட்ட நூற்பா ஒன்றற்கு விளக்கவுரை

உரைப்போன் உலகம் உரைக்க உள்நின்று
செய்வோன் தன்வினை செப்புக ஐயுறின்
கவறே கூறுக கவறுமொழிந் ததனைக்
கடைப்பிடித் துரைத்தல் உரைப்போன் கடனே.

என்பது என் நுதலிற்றோ எனின், மேசையைச் சூழ்ந்திருந்து ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டத்துள் கேம் மாஸ்டர்க்கு உரியது இது, ஆட்டக்காரர்க்கு உரியது இது என வரையறுத்தல் நுதலிற்று. நான்கடியாக யாத்தது இவ்வுரையின் பொருட்டே ஆயினும், பொருள் அரை நூற்றாண்டாக மேசையில் வழங்கி வருவது. ஆகலின் ஈண்டு ஆசிரியன் என்றது அவ்வழக்கினையே என்று கொள்க.

உரைப்போன் என்றது கேம் மாஸ்டரை. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ஆக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதற்பதிப்பு இவரை ரெஃபரி என்றது. டஞ்சன் மாஸ்டர் என்பது பின்வந்த பெயர். நடுவன், தலைவன் என்னும் பெயர்கள் இருப்பவும் அவற்றை விடுத்துத் தொழிலாற் பெயர் கொடுத்தமையின், அவர் அதிகாரம் அத்தொழிலின் எல்லையளவே செல்லும் என்பது பெற்றாம்.

உலகம் என்றது ஆட்டக்காரர் ஏற்ற பாத்திரங்கள் ஒழிந்த அனைத்தையும்: குகையும், குகைவாயிலின் ஈரமும், உள்ளுறையும் பூதமும், ஊரங்காடியில் கயிற்றின் விலையும். இடப்பக்கம் காடு, வலப்பக்கம் ஆற்றங்கரை என உரைத்து, எவ்வழிச் செல்லினும் அதே பூதத்தைக் கொணர்ந்து நிறுத்துவார் உளர். இதனை ஆட்டக்காரர் ரெயில்ரோடிங் என்று பழிப்பர்; தண்டவாளத்தின்மேல் ஓட்டிச் செல்லுதல் என்றவாறு. வழி இரண்டு எனக் காட்டி உலகம் ஒன்றென ஒளித்தலின் அஃது உரைத்தல் ஆகாது. திரைக்குப் பின் நிகழ்வதை யார் அறிவார் எனின், மூன்றாம் முறை அனைவரும் அறிவர்.

உரைக்க என்பதனை வினையெச்சமாகக் கொண்டு, அவன் உரைக்க இவன் செப்புக என முடிப்பாரும் உளர். வியங்கோளாகக் கொண்டு, உரைப்பானாக என நிறுத்துவாரும் உளர். இரண்டும் அமையும். முன்னதனால் முறைவைப்பும் பின்னதனால் கட்டளையும் பெறப்படும்.

செய்வோன் என்றது ஆட்டக்காரனை. உள்நின்று என்பது பாத்திரத்தின் உள்ளே நின்று என்றவாறு. இச்சொல்லின் அருமை அறியவேண்டுவார் 1969-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டேவிட் வெஸ்லி நடத்திய பிரவுன்ஸ்டைன் ஆட்டத்தை நோக்குக. அதுகாறும் போர்விளையாட்டுள் ஆடுவோன் படைக்கு மேல்நின்று படையை நகர்த்துவான். வெஸ்லியோ நெப்போலியன் காலத்துக் கற்பனைச் சிற்றூர் ஒன்றினை வைத்து, ஆளுக்கொரு பாத்திரமும் வெவ்வேறு நோக்கமும் கொடுத்தார். ஆடியவருள் இருவர் ஒருவரையொருவர் வாட்போருக்கு அழைத்தனர். அதற்கு விதி எழுதப்பட்டிலது. வெஸ்லி இருந்தாங்கே ஒன்று வகுத்து நடத்தினார். ஆட்டம் சிதைந்தது என்றே கருதினார். ஆடியவரோ மீண்டும் வேண்டும் என்றனர். உள்நின்றவன் உரைப்போன் கருதாததைச் செய்தலும், உரைப்போன் அதற்கு இடங்கொடுத்தலும் ஆகிய இரண்டும் அவ்வொரு மாலையில் கூடின.

தன்வினை செப்புக: இதன்கண் மூன்று சொல்லும் காவல் நிற்பன. தன் என்றமையின், 'அஞ்சி ஓடினாய்' என உரைப்போன் பிறன் பாத்திரத்தின் வினையைக் கூறுதல் விலக்கப்பட்டது. மந்திரத்தால் மயங்கியவிடத்து மாத்திரம் அமையும். வினை என்றமையின், ஆட்டக்காரன் விளைவு கூறுதலும் விலக்கப்பட்டது. 'பூட்டைக் கம்பியால் நெம்புகிறேன்' என்பது வினை; 'பூட்டைத் திறந்துவிட்டேன்' என்பது விளைவு. புதிதாக ஆடவருவார் பெரும்பாலும் பின்னதையே சொல்லுவர், அவரைக் கடியற்க. செப்பு என்பதோ தொல்காப்பியத்துள் வினாவோடு இணைத்து ஓதப்பட்ட சொல். விடை என்னும் பொருட்டு. விடை உண்டெனவே வினாவும் உண்டு என்பது தானே போதரும். அவ்வினா, 'இப்போது என்ன செய்கிறாய்?' என்பது. கேளாது மேற்செல்லும் உரைப்போன், ஆட்டம் நடத்துவானல்லன், கதை சொல்லுவான்.

ஐயுறின் என்றதனால், ஐயமில்லாவழிக் கவறு வேண்டா. தாழிடாக் கதவைத் தள்ளுதற்கு யாரும் உருட்டார்.

கவறே என்னும் ஏகாரம் பிரிநிலை. உரைப்போனையும் செய்வோனையும் ஒருங்கே விலக்கிற்று. இருபது முகக் கவற்றில் 15 வேண்டியவிடத்து 14 விழுந்ததாயின், 'தோற்றாய்' என்பதோடு ஒழியாது, 'கம்பி பூட்டினுள் முறிந்தது. அப்பால் காவலர் பேச்சு நின்றது' என உரைத்தல் நன்று. கவறு முடிவைச் சொல்லும். முறிந்த கம்பியை அது சொல்லாது.

கடைப்பிடித்து என்பது உறுதியாகப் பற்றி என்றவாறு. அற்றேல், 1979-இல் வந்த டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு நூலில் கைகாக்ஸ், கவற்றை மீறும் உரிமை உரைப்போனுக்கு உண்டு என்றாராலோ எனின், உண்டு என்றார் என்பது மெய். ஆயினும் உரிமை உண்டு என்பதும் செய்க என்பதும் வேறு. பாத்திரம் சாதல் ஆகாது என்னும் எண்ணம் உளதாயின் உருட்டுமுன் உருட்டாது விடுக. உருட்டியபின் எண்ணை மாற்றுதல், வினாவிவிட்டு விடையைக் கேளாமை போலும். வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் 2010-இல் வெளியிட்ட அபோகலிப்ஸ் வேர்ல்டு இவ்வையத்தை வேரொடு களைந்தது: அதன்கண் உரைப்போன் கவறே தொடான். ஆட்டக்காரன் அறுமுகக் கவறு இரண்டை உருட்ட, கூட்டி வருவது 10-உம் மேலுமாயின் எண்ணியது முடியும். 7 முதல் 9 வரை முடியினும் விலை உண்டு. அவ்விலை இன்னதென்று உரைத்தலே உரைப்போன் பங்கு.

உரைப்போன் என இரண்டாமுறையும் கூறியது என்னை, சுட்டுப்பெயரால் அவன் கடன் என அமையாதோ எனின், அவன் என்புழிச் செய்வோனும் கொள்ளக் கிடக்கும் ஆகலின் பெயரையே ஓதினார். உரைப்போன் இன்றி ஆடும் ஃபியாஸ்கோ போல்வனவற்றுள் அத்தொழில் மேசையோரிடைப் பகிரப்படும். ஆண்டுப் பகிர்ந்துகொண்டார் யாவரும் உரைப்போர் ஆவர்.

கடன் என்றது கடமை. உரிமை எனினும் அடி கெடாதாகவும் கடன் என்றே ஓதினமை நோக்குக. ஈற்றேகாரம் அசை, தேற்றம் எனினும் இழுக்காது.