மூணு பிரதி, ஒரு சாவி

எங்க ஒதியம்பட்டு, வில்லியனூர் பக்கம் சில வீட்டு பீரோவுல பிரெஞ்சுக்காரன் காலத்துப் பிறப்புச் சான்றிதழ் பத்திரமா இருக்கும். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தப்போ, பிரெஞ்சுக் குடியுரிமை வேணுமான்னு தேர்வு செய்ய வாய்ப்பு கொடுத்தாங்க. அந்தக் குடும்பங்கள்ல தாத்தாவோட பதிவு கிடைக்கலைன்னா பேரனோட பாஸ்போர்ட்டே சிக்கல்தான்.

டேட்டாபேஸோட மாரடிக்கிற எனக்கு இதுல ஒரு பழைய பாடம் தெரியுது மக்களே.

1761-ல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடிச்சு இடிச்சுத் தரைமட்டமாக்கினாங்க. யுத்தம் போக கரையான், ஈரம், தீ வேற. 1776 ஜூன்ல பதினாறாம் லூயி ஒரு ஆணை போட்டார். காலனிகள்ல பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளை மூணு பிரதி எழுதணும். (அப்போ அவை தேவாலயப் பதிவேடுகள்.) ஒண்ணு தேவாலயத்துல, ஒண்ணு நீதிமன்றத்துல, மூணாவது கப்பலேறி வெர்சாய்க்கு! அந்தச் சேகரிப்பு இன்னிக்கு எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஆவணக் காப்பகத்துல இருக்கு.

சும்மா ஒரு கணக்கு போடுவோம். ஒரு பிரதி அழிய வாய்ப்பு 10-ல் 1-னு வைங்க. மூணும் அழிய 1000-ல் 1. ஆனா இந்தப் பெருக்கல் செல்லணும்னா ஒரே ஆபத்து மூணையும் தாக்கக் கூடாது. கடற்கரையோர மேரி கட்டடமே 2014 நவம்பர் மழையில இடிஞ்சு விழலையா? மூணு பிரதியும் ஒரே கூரைக்குக் கீழ இருந்தா அது ஒரு பிரதிக்குச் சமம்தான். அதனாலதான் கடல் தாண்டின பிரதிக்கு மதிப்பு.

இப்போ திருப்பிப் போடுங்க. ஒவ்வொரு பிரதியும் திருடு போக வாய்ப்பு 10-ல் 1-னா, ஏதாவது ஒண்ணாவது கசிய வாய்ப்பு 27 சதவீதம்! அழிவுக்கு மருந்தா வச்ச பிரதியே திருட்டுக்கு வாசல். லூயி காலத்துல பதிவேட்டைத் தூக்கிட்டுப் போக ஆள் வேணும். இன்னிக்கு ஒரு பென் டிரைவ் போதும்.

என்ன வழி? பிரதிகளைப் பூட்டி (என்க்ரிப்ஷன்தான்), சாவியைத் தனியா வைக்கணும். சாவி திருடு போகவும் 10-ல் 1-னா, 27 சதவீதம் 2.7 ஆயிடும். சாவியை அதே சர்வர்ல வச்சா? மறுபடி 27-தான் :-) சாவி தொலைஞ்சா மூணு பிரதியும் குப்பை, அதனால அதுக்கும் ஒரு நகல் வேற ஊர்ல வேணும்.

பேக்கப் எத்தனைன்னு எண்ணுறதோட நிறுத்தாம, எது எதோட சேர்ந்து போகும்னு பாருங்க. உங்க சாவி எங்க இருக்கு? (பின்னூட்டத்துல சொல்லிடாதீங்க!)