உள்ளங்கை வட்டு நிலைக்குமா?

புதிய ஊடகம் ஒன்று சந்தைக்கு வரும்போதெல்லாம், "இது நிலைக்குமா?" என்ற கேள்வியும் அதன் பின்னாலேயே வந்துவிடுகிறது. 2005ஆம் ஆண்டில் இக்கேள்வி 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு வட்டைப் பற்றி எழுந்தது. சோனி நிறுவனம் அதற்கு யுனிவர்சல் மீடியா டிஸ்க் என்று பெயரிட்டிருந்தது, சுருக்கமாக யு.எம்.டி. எங்கும் எதற்கும் பொதுவான வட்டு என்பது பெயரின் பொருள். ஆனால் அதை இயக்கவல்ல கருவி உலகில் ஒரே ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது: பி.எஸ்.பி. எனப்படும் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள். பெயருக்கும் நடப்புக்கும் இடையில் கிடந்த இந்த இடைவெளியிலேயே அவ்வட்டின் தலைவிதி எழுதப்பட்டிருந்தது என்று இன்று சொல்லிவிடலாம். எனினும் முடிவு தெரிந்த பின் தீர்ப்புச் சொல்வது எவர்க்கும் எளிது. அன்று அதனை நம்பியவர்கள் ஏன் நம்பினார்கள் என்பதையும் சேர்த்தே பார்ப்பதுதான் நியாயம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். நமக்குப் பழக்கமான குறுந்தகட்டின் விட்டம் 120 மில்லிமீட்டர். அதில் சரிபாதி விட்டம் கொண்டது யு.எம்.டி.; ஆகவே பரப்பில் கால் பங்கு. டிவிடியைப் போலச் சிவப்பு லேசர் கொண்டு படிக்கப்படுவது. ஓர் அடுக்கில் 900 மெகாபைட், ஈரடுக்கில் 1.8 கிகாபைட் கொள்ளும். கைப்பட்டுக் கீறல் விழாதிருக்க, ஒளிபுகும் பிளாஸ்டிக் உறை ஒன்றுக்குள் வட்டு நிரந்தரமாக அடைக்கப்பட்டிருந்தது. அந்நாளில் புதிதாக வந்திருந்த எச்.264 என்னும் சுருக்கமுறையால், இவ்வளவு சிறிய இடத்திலும் இரண்டு மணி நேரத் திரைப்படத்தைத் தெளிவு குன்றாமல் அடக்க முடிந்தது. பி.எஸ்.பி.யின் திரை 4.3 அங்குலம், 480 புள்ளி அகலம், 272 புள்ளி உயரம். கைப்பேசித் திரைகள் தீப்பெட்டி அளவில் இருந்த காலத்தில் அது கண்ணைப் பறித்த திரை என்பதில் ஐயமில்லை.

2003 மே மாதம் இக்கருவியை முதன்முதலில் அறிவித்தபோது, பிளேஸ்டேஷனின் தந்தை எனப்படும் கென் குத்தராகி இதனை இருபத்தோராம் நூற்றாண்டின் வாக்மேன் என்று வருணித்தார். இது வெறும் விளம்பரச் சொல் அன்று. 1979இல் வந்த வாக்மேன், இசையை வீட்டுக் கூடத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தது. அதே பெயர்ச்சியைத் திரைப்படத்துக்கும் நிகழ்த்திவிடலாம் என்பதே சோனியின் கனவு.

இக்கனவைப் புரிந்துகொள்ள அந்நிறுவனத்தின் பழைய காயம் ஒன்றை நினைவுகூர வேண்டும். 1975இல் சோனி பீட்டாமேக்ஸ் என்னும் ஒளிநாடாவைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். நாடாவுடன் களமிறங்கியது. ஜே.வி.சி. தன் வடிவத்தைப் பிற நிறுவனங்களுக்குத் தாராளமாக உரிமம் வழங்கிப் பரப்பியது. ஒரு நாடாவில் கூடுதல் நேரம் பதியவும் அதில் இயன்றது. படிப்படியாக வி.எச்.எஸ். சந்தையை ஆட்கொண்டது. இத்தோல்வியிலிருந்து சோனி கற்றுக்கொண்ட பாடம், கருவி மட்டும் போதாது, அதில் ஓடவேண்டிய இசையும் படமும் நம் கையில் இருக்க வேண்டும் என்பது. 1988இல் சி.பி.எஸ். இசைத்தட்டு நிறுவனத்தையும், 1989இல் கொலம்பியா திரைப்பட நிறுவனத்தையும் அது விலைக்கு வாங்கியதன் பின்னணியில் இப்பாடமும் இருந்தது. அப்பாடம் பாதிதான் சரி. வி.எச்.எஸ். வென்றதற்கு முதற்காரணம் கதவு திறந்திருந்தமை. சோனியோ வீட்டுக்குள் பொருள் சேர்ப்பதே வழி என்று முடிவு செய்தது.

1992 நவம்பரில் வந்த மினிடிஸ்க் இவ்வரிசையில் அடுத்தது. 64 மில்லிமீட்டர் வட்டு. அதுவும் உறைக்குள் அடைபட்டதே. ஜப்பானில் பல ஆண்டுகள் செல்வாக்குடன் விளங்கிய அது, அமெரிக்காவில் வேர்பிடிக்கவில்லை. ஆயினும் மினிடிஸ்க்கிடம் யு.எம்.டி.க்கு இல்லாத ஒன்று இருந்தது. வெற்று வட்டை வாங்கி நமக்கு வேண்டியதை நாமே பதிந்துகொள்ளலாம். மினிடிஸ்க் இயக்கிகளின் விற்பனை 2013 வரையிலும், பதிவு வட்டுகளின் உற்பத்தி 2025 பிப்ரவரி வரையிலும் சோனியிடம் நீடித்ததற்கு இந்த ஒரு குணமே பெரிதும் காரணம் என்று கருதுகிறோம்.

இனி 2005க்கு வருவோம். பி.எஸ்.பி. 2004 டிசம்பர் 12 அன்று ஜப்பானிலும், 2005 மார்ச் 24 அன்று வட அமெரிக்காவிலும், அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று ஐரோப்பாவிலும் வெளியானது. அமெரிக்காவில் முதல் பத்து லட்சம் கருவிகளுடன் 'ஸ்பைடர்மேன் 2' திரைப்படம் யு.எம்.டி. வடிவில் இலவசமாகத் தரப்பட்டது. படம் சோனியுடையது, வட்டு சோனியுடையது, கருவியும் சோனியுடையது. தொடக்கம் நன்றாகவே இருந்தது. 'ஹவுஸ் ஆஃப் ஃப்ளையிங் டேகர்ஸ்', 'ரெசிடென்ட் ஈவில்: அபோகலிப்ஸ்' ஆகிய இரு படங்களும் வெளிவந்த சில மாதங்களுக்குள் தலா ஒரு லட்சம் வட்டுகள் விற்றன. இதைக் கண்டு பிற ஹாலிவுட் நிறுவனங்களும் அவசரமாக உள்ளே நுழைந்தன. கடைகளில் தனி அடுக்குகள் முளைத்தன. அன்றைய நிலையில் நம்மிடம் எவரேனும் கேட்டிருந்தால், நிலைக்கும் என்றுதான் நாமும் சொல்லியிருப்போம்.

ஓராண்டுக்குள் காற்று திசைமாறியது. 2006 முற்பகுதியில் யுனிவர்சல், பாரமவுண்ட் முதலான நிறுவனங்கள் யு.எம்.டி. படங்களிலிருந்து விலகிவருவதாகத் தொழில்துறை ஏடுகள் எழுதின. கடை அடுக்குகள் சுருங்கின. பாதி விலைக்கு வட்டுகள் தள்ளிவிடப்பட்டன.

காரணங்களை ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்க்கலாம். ஒரு படத்தின் யு.எம்.டி. சுமார் 20 டாலர் முதல் 30 டாலர் வரை விற்றது. அதே படத்தின் டிவிடி பெரும்பாலும் அதனினும் மலிவாகக் கிடைத்தது. டிவிடியை வீட்டிலுள்ளோர் அனைவரும் பெரிய திரையில் பார்க்கலாம், நண்பருக்கு இரவல் தரலாம். யு.எம்.டி.யோ ஒருவர் கையில் ஒருவர் கண்ணுக்கு மட்டும். அதனைத் தொலைக்காட்சியில் இணைத்துக் காணும் வசதி 2007இல் வந்த இரண்டாம் பதிப்புக் கருவியில்தான் கிடைத்தது. அதற்குள் காலம் கடந்திருந்தது. ஒரே படத்தை இருமுறை விலைகொடுத்து வாங்கு என்று சொன்னால் எத்தனை பேர் இசைவார்கள்?

இதைவிட முக்கியமான காரணம் கருவிக்குள்ளேயே இருந்தது. பி.எஸ்.பி.யில் வட்டுக்கான அறையோடு, மெமரி ஸ்டிக் என்னும் நினைவட்டைக்கான துளையும் இருந்தது. தம்மிடமுள்ள டிவிடியைக் கணினியில் சுருக்கி அட்டையில் ஏற்றிப் பார்க்கப் பயனர்கள் விரைவிலேயே கற்றுக்கொண்டனர். அட்டைகளின் விலை ஆண்டுதோறும் சரிந்தது, கொள்ளளவு ஏறியது. சுழலும் வட்டு மின்கலத்தைத் தின்றது; அட்டையோ ஓசையின்றி இயங்கியது. அட்டையிலுள்ள படங்கள் வட்டிலுள்ள படங்களைப்போல் முழுத் தெளிவுடன் ஓடாதவாறு தொடக்கத்தில் மென்பொருளில் ஒரு தளை இருந்தது. 2007இல் அத்தளையைச் சோனியே அவிழ்த்தது. தன் வட்டைக் காக்கத் தன் கருவியையே முடமாக்கி வைத்திருந்த நிலை அதற்குமேல் செல்லுபடியாகவில்லை. இதற்கிடையில் 2005 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ஒளிப்படம் காட்டும் ஐபாடைக் கொண்டுவந்துவிட்டது. கடையில் வட்டு வாங்காமலே படம் சட்டைப்பைக்குள் வந்துசேரும் காலம் தொடங்கிவிட்டது.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். யு.எம்.டி. தோற்றது என்று எப்படிச் சொல்வது? பி.எஸ்.பி. உலகெங்கும் ஏறத்தாழ 8 கோடி விற்றதே, அதன் விளையாட்டுகள் எல்லாம் அவ்வட்டில்தானே வந்தன? உண்மைதான். ஜப்பானில் 'மான்ஸ்டர் ஹன்டர்' வரிசை விளையாட்டுகளுக்காகவே கருவியை வாங்கியோர் ஏராளம். விளையாட்டின் கலமாக அவ்வட்டு பத்தாண்டுக் காலம் வாழ்ந்தது. திரைப்படத்தின் கலமாக ஈராண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. வேறுபாட்டுக்கான காரணம் எளியது. பி.எஸ்.பி.க்கென எழுதப்பட்ட விளையாட்டு வேறெங்கும் கிடைக்காது. அதற்கு வேறு கலமில்லை. படத்துக்கோ ஆயிரம் கலங்கள். வேறு வழியில்லாத இடத்தில் மூடிய வடிவம் பிழைக்கிறது. வேறு வழியுள்ள இடத்தில் மடிகிறது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு நம் வீடுகளிலேயே இருந்தது. 1993இல் பிலிப்ஸ், மட்சுஷிட்டா, ஜே.வி.சி. ஆகியவற்றுடன் சோனியும் சேர்ந்து வரையறுத்த வடிவம் வீடியோ சிடி. படத்தெளிவில் ஏறக்குறைய பழைய நாடாவின் தரம்தான். ஒரு வட்டில் 74 நிமிடம். நமது படமொன்றுக்கு இரண்டு, சிலவேளை மூன்று தகடுகள் வேண்டும். இடைவேளை நெருங்கும்போது எழுந்துபோய்த் தகடு மாற்றிய தலைமுறை நாம். மேற்குலகம் அதனைச் சீந்தவே இல்லை. சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இந்தியாவிலும் அது பட்டிதொட்டியெங்கும் பரவியது. யார் வேண்டுமானாலும் இயக்கியைச் செய்யலாம். சாதாரணக் கணினியிலேயே தகட்டை எழுதலாம். கலியாண வீடியோவும் அதில்தான், கோயில் திருவிழாவும் அதில்தான். அத்திறந்த கதவு வழியே திருட்டு விசிடியும் நுழைந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2004இல் தமிழக அரசு குண்டர் தடுப்புச் சட்டத்துக்குள் ஒளிப்படத் திருட்டையும் கொண்டுவரும் அளவுக்கு அது பெருகியது. திரைத்துறை இழந்தது மெய். ஆனால் வடிவம் வாழ்ந்தது. ஒரே நிறுவனம் பங்கேற்ற இரு வட்டுகளில், தரத்தில் தாழ்ந்தது பரவியதும் உயர்ந்தது ஒடுங்கியதும் கவனிக்கத் தக்கன.

யு.எம்.டி.யின் இறுதிக்காலத்தையும் சொல்லி முடிப்போம். 2009 அக்டோபரில் வெளியான பி.எஸ்.பி. கோ என்னும் கருவியில் வட்டறையே இல்லை. எல்லாம் இணையத்தில் வாங்கித் தரவிறக்க வேண்டும். ஏற்கெனவே வட்டுகளை வாங்கியவர்கள் அவற்றுக்கு ஈடான மின்படியைப் பெற வழிசெய்யும் எண்ணம் இருந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. அடுத்து வந்த வீட்டா கருவிக்காக, சிறு கட்டணம் செலுத்தி மின்படி பெறும் திட்டமொன்று ஜப்பானில் மட்டும் செயல்பட்டது. 2014இல் பி.எஸ்.பி.யின் விநியோகமும் முடிவுக்கு வந்தது. வட்டைக் காக்கவென்று செய்யப்பட்ட பிளாஸ்டிக் உறையின் இரு பாதிகள் பசை விட்டுப் பிரிந்துபோவது இன்று சேகரிப்போரின் பொதுவான கவலை. கீறலிலிருந்து காத்த உறை, காலத்திலிருந்து காக்கவில்லை.

இவ்வளவும் படித்தபின், வட்டு ஒழிந்தது நல்லதே என்று தோன்றலாம். நமக்கு அவ்வளவு உறுதியாகத் தோன்றவில்லை. வட்டுக்குப் பின் வந்தது என்ன என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா? பிளேஸ்டேஷனின் இணையக் கடை 2021 ஆகஸ்டு இறுதியோடு திரைப்பட விற்பனையை நிறுத்தியது. மறு ஆண்டு, ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அக்கடையில் ஸ்டுடியோகெனால் நிறுவனத்தின் படங்களை விலைகொடுத்து வாங்கியிருந்தோரின் கணக்குகளிலிருந்து, உரிம ஒப்பந்தம் காரணமாக அப்படங்கள் நீக்கப்பட்டன. 2005இல் தோற்றுப்போன வட்டை வாங்கியவர், பழுதில்லாத பி.எஸ்.பி. ஒன்று கையிலிருந்தால் இன்றைக்கும் அப்படத்தைப் பார்க்கிறார். வென்ற முறையில் வாங்கியவர் வெறுங்கையோடு நிற்கிறார்.

ஆகவே "நிலைக்குமா?" என்ற கேள்வியை நாம் இரண்டாகப் பிரித்துக் கேட்கப் பழக வேண்டும். வடிவம் சந்தையில் நிலைக்குமா என்பது வணிகர் கேள்வி. அதிலுள்ள படைப்பு நம்மிடம் நிலைக்குமா என்பது வாசகர் கேள்வி, பார்வையாளர் கேள்வி. ஓலைச்சுவடியின் ஆயுள் சில நூற்றாண்டுகளே. அவ்வோலையில் இருந்தவை நம்மை வந்தடைந்தது ஓலையின் வலிமையால் அன்று. சிதையுமுன் இன்னொருவர் இன்னோர் ஓலையில் பெயர்த்தெழுதினார் என்பதால். பெயர்த்தெழுதப்படாதவை பெயர் மட்டுமாய் எஞ்சின. யு.எம்.டி.யில் பெயர்த்தெழுத இடமே வைக்கப்படவில்லை. இன்று நாம் வாங்கும் மின்னூல்களிலும் மின்படங்களிலும் பலவற்றில் வைக்கப்படுவதில்லை. அடுத்த புதுமை வந்து கடைவிரிக்கும்போது, அதன் திரை எவ்வளவு துல்லியம், அளவு எவ்வளவு சிறியது என்று விசாரிப்பதோடு, இதிலிருந்து ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ள எனக்கு விடுவீர்களா என்றும் கேட்டுவிட்டு வாங்குவோம்.