தொடை: ஒரு சொல்லின் தடம்

எதுகை கிடைக்காமல் தவிக்கும் பாடலாசிரியருக்கென்று ஒரு நூல் 1732-லேயே உருவாகிவிட்டது. வீரமாமுனிவரின் சதுரகராதிதான் அது. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள். நான்காவதான தொடையகராதி, எதுகைக்கு இசையும் சொற்களை ஓரிடத்தில் சேர்த்துத் தந்தது. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர்த் தேவாலயத்திலும் பணிபுரிந்தவர் அவர். விராலிமலைப் பக்கத்தார் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி.

தொடை என்றதும் வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள். காலில் உள்ள தொடை வேறு சொல். அதற்குத் துடை என்றும் வடிவம் உண்டு, மலையாளத்தில் துட. யாப்பில் வரும் தொடையோ ‘தொடு’ என்ற வினையின் பிள்ளை. பூவைத் தொடுத்தால் தொடையல். சொல்லைத் தொடுத்தால் தொடை. தொடர், தொடர்பு எல்லாம் இதே குடும்பம். மோனை, எதுகை, முரண், இயைபு ஆகியவற்றைத் தொல்காப்பியமே இந்தப் பெயருக்குள் அடக்கிவிட்டது.

எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும். முதலெழுத்து குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என அளவொத்து நிற்க வேண்டும். அன்னவாசலுக்குப் பொன்னமராவதி அழகான எதுகை. கீரனூருக்கு ‘வீரம்’ பொருந்தும், ‘மரம்’ பொருந்தாது. ஆவூரையும் ஆவுடையார்கோயிலையும் இணைத்தால் வகர வருக்க எழுத்துகளால் அமையும் வருக்க எதுகை. ஒரு மாவட்டத்து ஊர்ப்பெயர்களை வைத்தே இலக்கணம் நடத்திவிடலாம்!

முனிவர் பிறந்த இத்தாலியில் கவிதையின் ஓசை அடியின் கடைசியில் ஒன்றும். நம் கணக்கில் அது இயைபு. தமிழ்ச் செய்யுளில் எதுகை அடியின் தொடக்கத்தில் நிற்கிறது. பழகிய காதைத் திருப்பி வைத்துக்கொண்டு, சொல்லின் இரண்டாம் எழுத்தைக் கவனித்துத் தொகுத்தார் அவர். அவருடைய காப்பியமான தேம்பாவணியை விடவும் இந்த உழைப்பே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இன்று தொடை என்ற பெயர் புலவர் வகுப்போடு நின்றுவிட்டது. புதுக்கோட்டைக் கடைவீதியில் பூ விற்கும் அக்காவைக் கேட்டால் “பூக் கட்டுறேன்” என்பார். கிராமத்துப் பாட்டுக்காரரும் “பாட்டுக் கட்டுறேன்” என்பார். பூவுக்கும் பாட்டுக்கும் இங்கே ஒரே வினைதான். யாப்பு என்ற சொல்லும் யாத்தல், அதாவது கட்டுதல் என்பதிலிருந்து வந்ததே. சொல் மாறியும் தமிழர் மனத்தில் பாட்டு ஒரு மாலையாகவே இருந்து வந்திருக்கிறது.

மெட்டுக்குச் சொல் தேடும் இளைஞர்களே, கணினி நீட்டும் பட்டியலைப் பார்க்குமுன் தொடையகராதியை ஒருமுறை புரட்டுங்கள். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் பாட்டுக் கட்டும்போது சொல்லும் சொற்களையும் எழுதி வையுங்கள்.