ஜொகூர் ஆற்றில் ஒல்லாந்தர் பாய்மரம்

கோத்தா திங்கியைக் கடந்து கடலை நாடிச் செல்லும் ஜொகூர் ஆற்றின் இருமருங்கும் இன்று பெரிதும் தென்படுவன செம்பனையும் அலையாத்திக் காடுமேயாம். உலக சரித்திரத்தின் ஓர் ஏடு இந்நீரில் எழுதப்பட்டதென்பதை நம்மவருள் எத்துணைப் பேர் அறிவர்?

போர்த்துக்கீசியர் 1587-ல் ஜொகூர் லாமாவை எரித்தழித்தனர். அரசர் ஆற்றின் மேற்பாகத்திலுள்ள பத்து சாவாருக்குத் தலைநகரை மாற்றினர். அப்பகைமை ஆறாதிருந்த காலத்தில், அதே போர்த்துக்கீசியரோடு ஐரோப்பாவிலும் பொருதுகொண்டிருந்த ஒல்லாந்தர் இங்கு வந்து சேர்ந்தனர். சுல்தானின் தம்பி ராஜா போங்சு அவர்களைத் தழுவிக்கொண்டார். 1603-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந் தேதி வைகறையில், மக்காவோவினின்று மலாக்கா நோக்கி வந்த 'சாந்தா கத்தரீனா' என்னும் பெருங்கப்பலை, ஜேக்கப் வான் ஹீம்ஸ்கெர்க் என்னும் ஒல்லாந்தத் தலைவர் ஆற்றுமுகத்தருகே தாக்கிப் பிடித்தார். அதிலிருந்த சீனப் பட்டும் பீங்கானும் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விடப்பட்டு 30 இலட்சம் கில்டருக்கு மேல் விலைபோயின.

இது யுத்தமா, கொள்ளையா? ஒல்லாந்தக் கம்பெனியின் பங்காளிகளிலேயே சிலர் மனம் கூசினர். அக்கம்பெனிக்காக வாதம் எழுத முன்வந்தவர் ஹியூகோ குரோஷியஸ் என்னும் இளம் வழக்கறிஞர். அவர் எழுதியதில் ஒரு பகுதி 1609-ல் 'மாரே லீபரும்' என்ற பெயரால் வெளிவந்தது. கடல் யாவர்க்கும் பொது என்பதே அதன் சாரம். நான் பயின்ற ஆங்கிலப் பள்ளியில் அப்பெரியாரின் பெயரை மனப்பாடம் செய்தோம். அவர் வாதத்துக்குக் காரணமான கப்பல் நம் ஆற்றுவாயில் பிடிபட்டதென்று பாடப்புத்தகம் சொல்லவில்லை!

சரி, பொதுவான கடலில் பின்னர் நடந்தது யாது? இத்தீவுகளின் மிளகையும் கிராம்பையும் வாங்கத் தமிழகக் கரையின் துணி வேண்டியிருந்தது. அதற்காகவே ஒல்லாந்தர் பழவேற்காட்டில் 1610-ல் அனுமதி பெற்று, 1613-ல் கெல்திரியாக் கோட்டையை அமைத்தனர். கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட, சிறு படகுகள் காயலுக்கும் கப்பலுக்குமாகச் சரக்கேற்றின. 1641-ல் ஜொகூரின் துணையோடு மலாக்காவும் அவர் வசமாயிற்று. அதன்பின், கடல் பொது என்றவர்களே பிற வியாபாரிகளிடம் அனுமதிச் சீட்டுக் கேட்கலாயினர். சீட்டில்லாத கப்பல் பறிமுதலாகும்!

துணிமூட்டைகளோடு மனிதரும் ஏற்றப்பட்டனர். பஞ்சத்திலும் போரிலும் அகப்பட்ட தமிழ்நாட்டு ஏழைகள், தம்மையும் தம் மக்களையும் பிடி அரிசிக்கு விற்றனர். அவர்களைப் பழவேற்காட்டிலும், 1658-க்குப்பின் நாகப்பட்டினத்திலும் வாங்கிய கம்பெனி, பத்தாவியா முதலிய இடங்களுக்கு அடிமைகளாய் அனுப்பியது. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் பஞ்சம் வாட்டியபோது இவ்வியாபாரம் பெருகிற்று. நாம் நம் கதையைச் சஞ்சிக் கூலியிலும் கங்காணியிலும் தொடங்குகிறோம். அதற்கு இருநூறு ஆண்டுகள் முன்னரே நம்மவர் இக்கடலைக் கடந்தனர். அவர்களுக்குத் துண்டுமில்லை, திரும்பும் நாளுமில்லை. கணக்கெழுதிப் பிழைப்பவனாதலின், கம்பெனிக் கணக்கில் அவர்களும் ஒரு சரக்காய் நின்றதை எண்ணுங்கால் எனக்கு நெஞ்சம் கொதிக்கிறது.

நாகப்பட்டினம் 1781-லும் மலாக்கா 1795-லும் ஆங்கிலேயர் கைக்கு மாறின. மலாக்கா 1818-ல் ஒல்லாந்தருக்குத் திருப்பித் தரப்பட்டது. பின் 1824-ல் இரு வல்லரசுகளும் லண்டனில் உடன்படிக்கை செய்து, ஜலசந்திக்கு வடக்கே ஒருவர், தெற்கே ஒருவர் எனப் பங்கிட்டன. ஒரே இராஜ்யமாயிருந்த ஜொகூரும் ரியாவும் அன்று பிரிந்தன. அவ்வுடன்படிக்கையில் ஜொகூர் அரசர் எவருடைய கையொப்பமும் இல்லை.